இறுக்கிய பிறகு அரை மணி

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் அதைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. எங்கள் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாரும் அவரை 'அண்ணன்' என்றார்கள். கார் மெக்கானிக்கை மாயவரத்தில் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? எனக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எனக்கே கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. "இந்தாங்க" என்பேன். டீயை நீட்டும்போதும் "இந்தாங்க"தான், அப்பா கூப்பிடுகிறார் என்று சொல்வதற்கும் "இந்தாங்க"தான். மூன்று வருஷத்தை அந்த ஒரு வார்த்தையிலேயே ஓட்டிவிட்டேன்.

அவர் என்னை "டீச்சர்" என்பார். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவருக்கு முப்பது இருக்கலாம். அப்பா ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் லுத்தரன் சபை, அவர் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர். வெளியாட்களுக்கு இரண்டும் கிறிஸ்தவம்தானே என்று தோன்றும். எங்கள் வீட்டில் வந்து சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன்: வேலை முடிந்த பிறகு போக மாட்டார். மற்ற மெக்கானிக்குகள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலைப் பார்ப்பார்கள். இவர் கையைத் துடைத்துவிட்டு உட்காருவார். எதற்கு என்றால், "பார்த்துட்டுப் போவோம்" என்பார். என்னத்தைப் பார்ப்பது? அவர் இப்போதுதான் சரி செய்த அதே இடத்தை.

எங்கள் வயலில் டீசல் இஞ்சின் நின்றுபோய் ஒருமுறை அவரை அழைத்துப் போனார்கள். காலை பத்து மணிக்கெல்லாம் இஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது, தண்ணீர் வாய்க்காலில் விழுந்துவிட்டது. இவர் வரப்பில் குந்திக்கொண்டார். தண்ணீர் முதல் வயலுக்குப் போய், இரண்டாவதுக்குப் போய், கடைசித் துண்டு வயலில் பயிரின் காலை நனைக்கும்வரை எழுந்திருக்கவில்லை. மதியம் ஆகிவிட்டது. வயலைப் பார்த்துக்கொள்கிறவர் வந்து அப்பாவிடம், "அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுடாதீங்க ஐயா, பொண்ணு மாப்பிள்ளைக்குப் பேரப்புள்ள பொறந்தப்புறம்தான் எந்திரிப்பாரு" என்று சொல்லிச் சிரித்தார். தெருவே அந்தக் கேலியைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் இறந்தபோதும் அப்படித்தான். கல்லறையில் எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இவர் மட்டும் அங்கேயே ஓரமாக நின்றார் என்று அப்பா வந்து சொன்னார். கேட்டதற்கு, "மண்ணு கொஞ்சம் அமரட்டும் சார்" என்றாராம். இறந்தவருக்கும் இவருக்கும் ஒரு ஸ்கூட்டர் பிளக்கைத் தவிர வேறு உறவு கிடையாது.

எங்கள் வீட்டுக்கு அவர் முதலில் வந்தது அப்பா செய்த ஒரு கிறுக்குத்தனத்தால். எங்களிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. அன்றைக்கே அது பழசு. கறுப்பு நிறம், உருண்டை முகம், அப்பாவுக்கு மூத்த பிள்ளை. அதில் இஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு சாண் நீளத்தில் ரப்பர் ஓஸ் ஒன்று போகும். பெட்ரோல் அதன் வழியாகத்தான் ஏறும். அது வெடித்துவிட்டது. அப்பா என்ன செய்தார்? வயலுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரின் டியூபில் ஒரு துண்டை வெட்டி மாட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் எது அறுந்தாலும் ஸ்பிரேயர் டியூப்தான். சமையல்கட்டுக் குழாய்க்கும் அதுதான், மீன் தொட்டிக்கும் அதுதான். தண்ணீருக்குச் சரி. பெட்ரோல் சும்மா விடுமா? மூன்றாவது வாரம் டியூப் சுருங்கி முறுக்கு மாதிரி விறைத்துப்போய், கடைத்தெரு நடுவில் கார் நின்றுவிட்டது. ஆள் வைத்து வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அவர் வந்து பானெட்டைத் தூக்கினார். டியூபைப் பிடுங்கி மோந்து பார்த்தார்.

"சார், இதுல கொஞ்சம் பூச்சிமருந்து வாசனை வருது."

"நல்லாக் கழுவிட்டுத்தான்ப்பா மாட்டுனேன்" என்றார் அப்பா, குற்றவாளி மாதிரி. என் வாழ்நாளில் அப்பா அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. உள்ளே நின்று சிரித்துவிட்டேன். அவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். அதுதான் முதல்.

புது ஓஸ் மாட்டியதை நான் முழுதாகப் பார்த்தேன். பழையதை அளவு வைத்து வெட்டவில்லை; இரண்டு விரல் கடை கூட வைத்து பிளேடால் நேராக வெட்டினார். அப்பா, "எதுக்குப்பா அவ்வளவு நீளம்?" என்றார். "இஞ்சின் ஆடும் சார். ஆடறதுக்கு இடம் விடணும். இழுத்து மாட்டுனா ஒரு நாளைக்கு அறுத்துக்கும்." அம்மாவிடம் ஒரு டம்ளரில் வெந்நீர் வாங்கி ஓஸின் முனையை அதில் முக்கி எடுத்தார். இளகியதும் ஒரே அழுத்தில் கார்புரேட்டரின் மூக்கில் ஏறிவிட்டது. மேலே இரும்புக் கிளிப்பைப் போட்டு ஸ்க்ரூவை இறுக்கினார். கிளிப்பைத் திருப்பி ஸ்க்ரூவின் தலை கீழே, இஞ்சின் பக்கம் பார்க்கும்படி வைத்தார்.

"வெளிய தெரியக் கூடாது. போறவன் வர்றவன் கை வைக்கக் கூடாது பாருங்க" என்றார்.

பிறகு இஞ்சினை ஓடவிட்டு, "ஒரு வெள்ளைத் தாள் இருந்தா குடுங்கம்மா" என்று கேட்டார். அம்மா சுவரில் தொங்கிய நாள் காலண்டரிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அதில் வேதவசனம் அச்சடித்திருக்கும். அப்பாவின் முகம் மாறியதை அவர் கவனித்துவிட்டார். வசனம் மேலே தெரியும்படி நான்காக மடித்து அப்பாவிடமே திருப்பிக் கொடுத்து, சட்டைப் பையிலிருந்து, பஸ்ஸில் யாரோ கொடுத்த ஒரு பக்க நோட்டீஸை எடுத்தார். அடுத்த தடவையிலிருந்து நான் என் பள்ளி நோட்டில் ஒரு தாளைக் கிழித்து வைத்திருப்பேன்.

தாளை ஓஸுக்குக் கீழே விரித்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் கறை தெரியும். அரை மணி நேரம். தாள் வெள்ளையாகவே இருந்தால்தான் எழுந்திருப்பார்.

அந்த அரை மணி நேரங்களைத்தான் நான் மூன்று வருஷம் வைத்துக்கொண்டு வாழ்ந்தேன். பிளக், பிரேக், ரேடியேட்டர் என்று மாதம் ஒருமுறையாவது அந்தக் கார் படுத்துக்கொள்ளும். வேலை நடக்கும்போது அப்பா கூடவே நிற்பார். முடிந்ததும் அவருக்குச் சலிப்பு வந்து உள்ளே போய்விடுவார். முடிந்த வேலையைப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? நான் டீ கொண்டு போவேன். என்ன பெரிதாகப் பேசினோம் என்று நினைக்கிறீர்கள்? ஆற்றில் தண்ணீர் விட்டாயிற்றா, உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், கணக்கு வராத பிள்ளைக்கு என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்விக்கு, "போட்டதைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன்" என்றேன். "நம்ம ரெண்டு பேரும் ஒரே வேலைதான் பாக்கறோம்" என்றார். நான் வீட்டுக்குள் வந்து அந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

பிறகு ஒரு காலம் வந்தது. காருக்கு நோயே வரவில்லை. அவர் அவ்வளவு நன்றாகச் சரி செய்துவிட்டார். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்றாவது மாதமும் போயிற்று. இந்தச் சனியன் பிடித்த வண்டி ஏன் இப்படி ஓடுகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டில் வேறு எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தையல் மெஷின் டப்பாவிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் பானெட்டைத் தூக்கினேன். ஸ்க்ரூ கீழே பார்த்து இருந்ததால் கையை வளைத்து உள்ளே விட வேண்டியிருந்தது. கார்புரேட்டர் பக்கத்துக் கிளிப்பை இரண்டு சுற்று தளர்த்தினேன். சாயங்காலம் அப்பா கார் கொட்டகையில் வண்டியின் இஞ்சினைப் போட்டதும், "பெட்ரோல் வாசனை வருதேப்பா" என்று நானே ஓடிப்போய்ச் சொன்னேன். அவ்வளவு அறிவாவது இருந்தது.

அவர் வந்தார். கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார். தன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "நான் இறுக்குனது இப்படி ஆனதே இல்லியே சார்" என்று இரண்டு தடவை சொன்னார். அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த ஒரு மணி நேரம் கிடைத்ததில் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது தடவை. அவசரத்தில் விரல் முட்டி இரும்பில் உரசித் தோல் போய்விட்டது. மறுநாள் டீயை நீட்டியபோது அவர் டம்ளரைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். நகத்துக்குள் கறுப்பு மசி. அப்பா அதே சமயம் வாசலுக்கு வந்து, "என்னப்பா, மறுபடியும் அதே இடமா?" என்றார்.

"என் கைத் தப்புதான் சார். சரியா இறுக்காம விட்டுட்டேன்."

அப்பா உள்ளே போனதும் என்னைப் பார்க்காமல், தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வண்டி வெளிய போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்கள்ல, டீச்சர்?"

"சொல்லிட்டேன்."

"எப்பவும் சொல்லிடுங்க. சூடு மேல சொட்டுனா பத்திக்கும். சார் உள்ள இருப்பாரு."

நான் தலையை ஆட்டினேன்.

"மண்ணெண்ணெய் தொட்டுத் துடைங்க. நகத்துல இருக்கறது போயிடும்."

அவ்வளவுதான். ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. இனிமேல் செய்யாதீர்கள் என்றும் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன்னால் மறுபடி ஒருமுறை குனிந்து எதையோ செய்தார். அவர் போன பிறகு பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். கிளிப்பைத் திருப்பி வைத்திருந்தார். ஸ்க்ரூவின் தலை மேலே பார்த்து நின்றது. கையை வளைக்க வேண்டாம், தோல் உரியாது. போகிறவன் வருகிறவன் கை வைக்கக் கூடாது என்று சொன்ன மனிதர் எனக்காகத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் வாழ்க்கையில் எனக்கு அதுவரை யாரும் அப்படி ஒன்று செய்ததில்லை. பிறகும் இல்லை.

மூன்றாவது தடவை எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்பாவுக்கு அன்று கோபம் தலைக்கேறிவிட்டது. மூன்று முறை ஒரே இடத்தில் ஒழுகினால் எந்த ஹெட்மாஸ்டர்தான் பொறுப்பார்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே நின்று பேசும்போது, கார் வைத்திருந்த நான்கைந்து பேரிடமும், "அந்தப் பையனை நம்பி வண்டியைக் கொடுக்காதீங்க. பெட்ரோல் பைப்பையே ஒழுங்கா மாட்டத் தெரியல" என்று சொன்னார். கெட்ட எண்ணம் கிடையாது, எச்சரிப்பது கடமை என்று நினைத்தார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, 'நான்தான்ப்பா அவுத்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் அவுத்தே என்று அடுத்த கேள்வி வருமே. அதற்குப் பயந்து அவருடைய நல்ல பெயரைப் பலி கொடுத்துவிட்டேன். மெக்கானிக்குக்குப் பெயர்தானே எல்லாம்.

மறுநாள் அவர் வந்தபோது அப்பா என்னை வெளியே வர விடவில்லை. எதையோ கொஞ்சம் மோந்துவிட்டார் போலிருக்கிறது. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

"இதை மாத்திக் குடுத்துட்டுப் போப்பா. இனிமே நீ வர வேண்டாம்."

"சரி சார்."

"ஏன் இப்படி ஆச்சுன்னாவது சொல்லேன்."

அவர் குனிந்து பழைய கிளிப்பைக் கழற்றிக் கீழே வைத்தார். அந்த நேரத்தில் என் உயிர் என்னிடம் இல்லை. "என் கைத் தப்புதான் சார்" என்றார்.

புது ஓஸ், புதுக் கிளிப். வெந்நீர் கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் மாட்டி முடித்தார். பானெட்டைச் சாத்தினார். தாள் கேட்கவில்லை. உட்காரவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலைத் தாண்டிப் போய்விட்டார். அவர் வேலையை முடித்து உடனே போனதை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

நான் கிழித்து வைத்திருந்த நோட்டுத் தாள் கையிலேயே இருந்தது.

கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நானே முடிவு கட்டினேன். ஸ்க்ரூவையும் கீழே திருப்பியிருப்பார், நன்றாகக் கைக்கு எட்டாதபடி உள்ளே தள்ளியிருப்பார் என்றும் நானே முடிவு கட்டினேன். பார்த்திருக்கலாம். பானெட்டைத் தூக்க எத்தனை நொடி ஆகும்? ஒவ்வொரு மத்தியானமும் கொட்டகை வாசல்வரை போய்த் திரும்பிவிடுவேன். கீழே திருப்பி இருந்தால் அதைக் கண்ணால் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. கணக்கு டீச்சர், ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் போட்டதைத் திருப்பிப் பார்க்கச் சொன்னவள், நான் பார்க்கவில்லை.

எங்கள் சபைக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் டிராக்டர் வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் யாரிடமும் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஆறு மாதத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், இதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அப்பா சின்னக் கார் ஒன்று வாங்கினார். அந்த ஆறு மாதமும் ஒரு சொட்டு ஒழுகாத அம்பாசிடர் கொட்டகைக்குள் போய், தார்ப்பாய்க்குக் கீழே முப்பது வருஷத்துக்கு மேல் நின்றது.

இந்த வருஷம் என் தம்பி மகன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தான். தாத்தாவின் காரில்தான் கல்யாணத்துக்குப் போக வேண்டுமாம். அப்பா இப்போது உயிரோடு இல்லை; வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் என் வீட்டுக்காரரும்தான் அந்த வீட்டில் இருக்கிறோம். கும்பகோணம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக் ஒருவரை வரச் சொன்னேன். ஒரு வாரமாக வந்து டாங்கியைக் கழுவினார், பம்பைப் பிரித்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. போன வியாழக்கிழமை அவரே கூப்பிட்டார்.

"டீச்சர், கொஞ்சம் இங்க வாங்களேன். கடைசியா இந்த ஓஸ் யாரு மாட்டினது?"

"ஏன்?"

"ஓஸ் கல்லாட்டம் ஆயிடுச்சு, அது சரி, வருஷம் ஆச்சு. கிளிப்பைப் பாருங்க. ஸ்க்ரூ மேல பாத்து நிக்குது. யாரும் இப்படி வைக்க மாட்டாங்க. யாரோ தொழில் தெரியாத ஆளு. கையை நீட்டுனா அவுந்துடும். என்னமோ அவுக்கறதுக்குன்னே மாட்டுன மாதிரி இருக்கு."

குனிந்து பார்த்தேன். துருப்பிடித்த கிளிப். ஸ்க்ரூவின் தலை நேராக மேலே, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இனி வர வேண்டாம் என்று அப்பா சொன்ன பிறகு மாட்டியது அது. தாள் விரிக்காமல், உட்காராமல் போன அன்று மாட்டியது. அரை நிமிஷ வேலையை எனக்காக விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை நாள் எதிர்பார்த்திருப்பார்? எங்கள் வீட்டிலிருந்து ஆள் வரும், ஒழுகுகிறது வா என்று கூப்பிடும் என்று எத்தனை நாள்? முடிந்த வேலைக்கே அரை மணி உட்காருகிற மனிதர்.

"டீச்சர்?"

"தொழில் தெரியாத ஆள் இல்லப்பா" என்றேன். "அவர் இறுக்கினது ஒரு நாளும் ஒழுகினதில்ல. நான்தான் அவுத்துவிட்டேன். மூணு தடவையும் நான்தான்."

மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கோ, "சரிங்க டீச்சர்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்க வேண்டியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

அவர் புது ஓஸை வெட்டப் போனார். "ரெண்டு விரல் கூட விடுங்க" என்றேன். வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். கிளிப்பைப் போட்டுவிட்டு, "கீழ திருப்பி வச்சுடறேன்" என்றார்.

"வேண்டாம். மேலேயே இருக்கட்டும்."

இஞ்சின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வாசலைப் பார்த்தார். அவருக்கு வேறு வேலை இருக்கிறது, அனுப்பிவிட்டேன். காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, வசனத்தை வாசித்துவிட்டு, வெள்ளைப் பக்கம் மேலே தெரிய ஓஸுக்குக் கீழே விரித்தேன். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, முடிஞ்சுடுச்சா?" என்றார்.

"முடிஞ்சுடுச்சுங்க. பார்த்துட்டு வர்றேன்."

அரை மணி ஆயிற்று. தாள் வெள்ளையாகவே இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.